ஆண்டு விழாவில் கூத்து வைப்போம்



நம் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்குகிறது. வழக்கம்போல் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குத்தான் ஏற்பாடு ஆகும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒரு யோசனையை உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அண்மையில் சரக்கு விஷயமாகச் சென்னை சென்றபோது, எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஓர் இசை நாடகம் பார்த்தேன். 1896-ல் கட்டிய அரங்கம் அது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின்; கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். சென்ட்ரல் அருகே உள்ள விக்டோரியா ஹாலைக் கட்டியவரும் அவரே. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் போட்டு வளர்ந்தது அந்த ஹாலில்தான்.

மியூசியம் தியேட்டர் நாடகத்தில் பாடியவர்கள் மேடையோடு நிற்கவில்லை. நடைவழியில் இறங்கி வந்து நம் தோளருகே நின்று பாடினார்கள். பின்வரிசையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மேடையில் இருந்தவர் பாட்டை முடித்தார். பார்க்க வந்தவர்களையும் கூடவே பாட வைத்தார்கள். 500 ரூபாய் டிக்கெட்டுக்கு மோசமில்லை. வெளிநாட்டில் இதற்கு நல்ல மவுசு. லண்டனில் பிளேஹவுஸ் என்ற பழைய தியேட்டரையே 2021-ல் இரவு விடுதி போல மாற்றி, நடுவில் மேடை போட்டு, சுற்றிலும் மக்களை உட்கார வைத்து 'கேபரே' என்ற இசை நாடகத்தை நடத்தினார்கள்.

ஆனால் இது நமக்குப் புதிய சரக்கா? நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தில் மூன்று பக்கமும் ஜனங்கள் தரையில்தான் உட்காருகிறார்கள். கோமாளி கூட்டத்தைப் பார்த்தே பேசுவார். திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உயர்ந்த மரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் பொட்டலில் கிடப்பான். அன்று ஊரே மேடை. லண்டன்காரர்கள் இப்போது செய்வதை நம் பாட்டன்மார் எப்போதோ செய்துவிட்டார்கள்.

அந்தக் கலைஞர்களின் நிலைமைதான் வருத்தமானது. ஒரு ஜமாவில் ஆடுகிறவர், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் என்று பத்துப் பன்னிரண்டு பேர். வண்டி வாடகை, அரிதாரச் செலவு போக மீதியைப் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன நிற்கும் என்பது கணக்குத் தெரிந்த நமக்குப் புரியும். திருவிழாக் காலம் போனால் கூலி வேலைதான். அவர்கள் பிள்ளைகள் தறிக்குப் போவதில் ஆச்சரியமில்லை. ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழ் நடத்திய எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், களரி என்ற அமைப்பு வைத்து இவர்களுக்காகப் பாடுபட்டிருக்கிறார். தனி ஒருவர் சுமக்கும் மூட்டையில் ஒரு முனையைச் சங்கம் பிடிக்கக் கூடாதா?

"விடிய விடியக் கூத்துப் பார்த்தால் காலையில் கடையை யார் திறப்பது?" என்று கேட்பீர்கள். மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடச் சொன்னால் ஆடித் தருவார்கள். "இந்தக் காலத்துப் பையன்கள் பார்ப்பார்களா?" என்றும் கேட்கலாம். கண்ணில் காட்டாத சரக்கை வாடிக்கையாளர் எப்படிக் கேட்பார்? மேலும், அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரையும் கடையையும் சொல்லிக் கோமாளி வாழ்த்துவார். அதைவிட மலிவான விளம்பரம் உண்டா!

என் யோசனை இதுதான். நம் வட்டாரத்து ஜமா ஒன்றை அழைப்போம். தொகையை முன்கூட்டியே பேசி, பாதியை அட்வான்ஸாகக் கொடுப்போம். மீதியை ஆட்டம் முடிந்ததும் அங்கேயே ரொக்கமாகக் கொடுப்போம். சாப்பாடும் வண்டியும் சங்கத்தின் பொறுப்பு. அன்பளிப்புப் பணம் முழுவதும் அவர்களுக்கே. பாக்கி வைக்கும் வாடிக்கையாளரை நமக்குப் பிடிக்காது. கலைஞர்களுக்கு நாமும் பாக்கி வைக்கக் கூடாது.

வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். வழிமொழிந்து ஆதரவு தர வேண்டுகிறேன்.