ஷெம்மேக்ஸைக் கூட்டச் சொன்ன மகராசனுக்கு...

மக்கா, போன மாசம் எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. காரணம் ஒரே ஒரு வரி.

ஆணி புடுங்குற இடத்துல புது லினக்ஸ் சர்வர், 64 ஜிபி மெமரி. அதுல ஒரு பழைய மென்பொருளை நிறுவணும். கூட வந்த கையேட்டுல, ஷேர்டு மெமரி பத்தாது, கெர்னல்.ஷெம்மேக்ஸை 536870912 ஆக "உயர்த்தவும்"னு கட்டம் கட்டிப் போட்டிருந்துச்சு. பெரியவங்க சொன்னா கேக்கணும்ல? கேட்டேன். அப்புறம் கேஷை 1 ஜிபி ஆக்கினதும், ஷெம்கெட் "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்"னு மூஞ்சில அடிச்சுது. மெமரி அது பாட்டுக்குக் காலியாக் கெடக்கு. கீ தப்பா, பர்மிஷன் தப்பான்னு நான் லாக்கை நோண்டிட்டு இருக்கேன்.

விஷயம் இதுதான். ஷெம்மேக்ஸ்ங்கிறது ஒரு ஷேர்டு மெமரித் துண்டு அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம்ங்கிற வரம்பு. லினக்ஸ்ல ரொம்ப வருஷம் அது வெறும் 32 எம்பி. அப்போ கூட்டச் சொன்னது நியாயம். ஆனா 2014ல வந்த 3.16 கெர்னல்ல அந்த வரம்பைக் கிட்டத்தட்ட வானம் வரைக்கும் தூக்கிட்டாங்க. அதாவது, "உயர்த்தவும்"ங்கிற பேச்சைக் கேட்டு, வேலியே இல்லாத காட்டுல 512 எம்பிக்கு நானே வேலி போட்டிருக்கேன்! அந்த வரியை அழிச்சு, மெஷினை ரீபூட் பண்ணதும் எல்லாம் ஓடுச்சு. என்ன கொடுமை சார் இது?

"பழசா இருந்தா என்னங்க, அடிப்படை மாறாதே"ன்னு யாராவது கிளம்புவீங்க. அடிப்படை மாறாது சாமி, எண் மாறும். கையேட்டுல இருந்தது அடிப்படை இல்ல, எண். அது எந்த கெர்னலுக்கு, எந்த வருஷத்துக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன். போஸ்ட்கிரெஸ்காரங்க 2013லயே, 9.3 பதிப்புல, பெரிய துண்டை எம்மேப்புக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறமும் அதுக்காக ஷெம்மேக்ஸைக் கூட்டச் சொல்ற குறிப்புகள் சாகாம உலாத்துது.

முடியாத காரியமும் இல்ல. லினக்ஸோட ஷெம்கெட் மேன் பக்கத்தைப் பாருங்க. 2.2லருந்து 3.15 வரைக்கும் இவ்வளவு, 3.16லருந்து இவ்வளவுன்னு ரெண்டையும் போட்டிருக்கான். ரெண்டே வரி.

மாணவர்களுக்குக் குடுக்குற உதாரணம் இதைவிடக் கொடுமை. 5678ன்னு ஒரு கீ, ஒரு நிரல் ஏ முதல் இசட் வரை எழுதும், இன்னொண்ணு படிச்சுட்டு நட்சத்திரம் போடும். சி படிச்ச பாதிப் பேரு இதைப் பார்த்திருப்பீங்க. செமஃபோர் இல்ல, எந்தப் பூட்டும் இல்ல. பர்மிஷன் 0666, அதாவது அந்த மெஷின்ல இருக்குற எவன் வேணா கை வைக்கலாம். எழுதி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தன் படிச்சா? ஆர்ம் சிப்புல எழுதின வரிசையே மாறித் தெரிஞ்சா? மூச்! பையன் அதை அப்படியே வேலைக்கும் எடுத்துட்டு வர்றான்.

டிஸ்கி: என்னோட பழைய பதிவு ஒண்ணுலயும் அதே ஷெம்மேக்ஸ் வரி இருந்துச்சு, ஹிஹி. "3.16க்கு முந்தின கெர்னலுக்கு மட்டும்"னு நேத்து மேல ஒட்டிட்டேன். உங்க பதிவுல இருந்தா பின்னூட்டத்துல சுட்டி குடுங்க, வந்து கும்முறேன்.