ஸ்டீயரிங்குக்கு ஸ்டெப் மார்க் கிடையாது

வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தை விட அதிகமாகத் திரும்பணும். எவ்வளவு அதிகம்னு சொல்ல ஒரு சமன்பாடு இருக்கு. மெக்கானிக்கல் பசங்க தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். படம் போட்டு, டெரிவேஷன் எழுதி, நானும் அதுக்கு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா ஒரு டை ராட் எண்டைக் கையில் பிடிச்சுப் பார்த்தது போன தீபாவளி லீவில்தான்.

கோயம்புத்தூர் மாமாகிட்ட ஒரு ஃபியட் பேலியோ 1.6 இருக்கு. 2001-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். சின்ன உடம்பு, சுமார் 100 குதிரைத்திறன். நம்ம வீட்டுக் கணக்கில் அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். இருபது வருஷம் ஓடின வண்டிக்கு வர வேண்டிய வியாதி அதுக்கும் வந்திருந்தது. ஸ்டீயரிங் நடுவில் கொஞ்சம் லூஸ், பள்ளத்தில் இறங்கினா 'டொக்' சத்தம். முன்சக்கரத்தைத் தூக்கி, ரெண்டு பக்கமும் கை வச்சு இடது வலமா ஆட்டினா ஆட்டம் நல்லாவே தெரிஞ்சது. டை ராட் எண்டுக்குள்ள இருக்கிற பந்து மூட்டு தேய்ஞ்சு போச்சு.

"வீட்டிலேயே மாத்திடலாம் மாமா"ன்னேன்.

"ஸ்டீயரிங், பிரேக் ரெண்டுலயும் விளையாடக் கூடாது மாப்ள"ன்னார். ஆனாலும் சம்மதிச்சார்.

வேலை ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு மேல உட்கார வைக்கணும் (ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகாதீங்க, ப்ளீஸ்). வீலைக் கழட்டி, செக் நட்டை லூஸ் பண்ணி, நக்கிளில் இருந்து பழசைப் புல்லர் போட்டு எடுக்கணும். அப்புறம் ராடில் இருந்து அதைத் திருகிக் கழட்டும்போது எத்தனை சுற்றுன்னு எண்ணி வச்சுக்கணும். புதுசையும் அதே சுற்று ஏத்தினா, அலைன்மென்ட் கடைக்குப் போற வரைக்கும் சக்கரம் ஓரளவு நேரா நிக்கும். ரெண்டு பக்கமும் முடிச்சு வீலை மாட்டினப்போ எனக்குப் பெரிய இன்ஜினியர் ஆன ஃபீலிங்.

சாவியைக் கேட்டேன். மாமா குடுக்கலை. டார்ச்சை எடுத்துக் குனிஞ்சு, இடது பக்க ராடைப் பிடிச்சுத் திருப்பினார். அது கையிலேயே திரும்பிச்சு. செக் நட்டை நான் விரலால் மட்டும் திருகி விட்டிருக்கேன். ஸ்பேனர் போட மறந்துட்டேன்.

அப்படியே ஓட்டியிருந்தா உடனே கழன்று விழுந்திருக்காது. அதிர்வில் ராட் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பியிருக்கும், சக்கரத்தின் கோணம் மாறியிருக்கும், மரை அடி வாங்கித் தேய்ஞ்சிருக்கும். அதுக்கு மேல யோசிக்க எனக்கு இஷ்டமில்லை. வண்டியில் முதலில் ஏறப் போனது அத்தையும் தங்கச்சியும்.

நான் சொல்ல வர்றது இதுதான். நாலு வருஷமா ஸ்டெப் மார்க் வாங்கியே வளர்ந்திருக்கோம். ஃபார்முலா சரி, படம் சரி, கடைசி விடை மட்டும் தப்புன்னா பதிமூணுக்குப் பத்து கிடைக்கும். அன்னைக்கு நான் செஞ்சதும் பத்து மார்க் வேலைதான். ரோட்டில் அது ஃபெயில்.

இத்தனைக்கும் சிலபஸிலேயே இந்தப் பாடம் இருக்கு. டேவிஸ் ஸ்டீயரிங் கியர் கணக்குப்படி எல்லா நிலையிலும் கச்சிதம். அக்கர்மேன் மூணு நிலையில் மட்டும்தான் துல்லியம். ஆனா டேவிஸில் சறுக்கி நகரும் இணைப்புகள் இருப்பதால் சீக்கிரம் தேயும்னு அதை ஒதுக்கிட்டு, அக்கர்மேன் வழியைத்தான் கார்களுக்கு எடுத்துக்கிட்டாங்க. தாளில் ஜெயிக்கிறது தேய்மானத்துக்கிட்ட தோத்த கதை அது. நாம அதை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டோம்.

அப்போ வீட்டில் தொடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லலை. 'கடையில் விட்டுடு, உனக்கெதுக்கு' என்பவங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொடாமலே டிகிரி வாங்கினா, நாளைக்கு நாம டிசைன் பண்ற மூட்டை யாரோ ஒருத்தர் குனிஞ்சு கழட்டணும்னே நமக்குத் தோணாது. ஆனா 'ஒரு வீடியோ பார்த்தாச்சு, போதும்' என்பவங்களோடும் இல்லை. செஞ்சவரே செக் பண்ணினா, செஞ்சதா நினைச்சதைத்தான் கண்ணு பார்க்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் செய்யுங்க, ஆனா ரெண்டு விஷயம். முடிச்சதும் ஒவ்வொரு நட்டையும் இன்னொருத்தர் கை வச்சுப் பார்க்கணும். நேரா அலைன்மென்ட் கடைக்குப் போய்ச் சக்கரக் கோணத்தைச் சரி பண்ணணும். அதைக் கண்ணளவில் செய்ய முடியாதுன்னு ஒத்துக்கிறதில் அவமானம் எதுவும் இல்லை.

மாமா அன்னைக்குத் திட்டவே இல்லை. ஸ்பேனரை நீட்டிட்டு, "இப்போ வலது பக்கமும் பார்த்துடு"ன்னார். பார்த்தேன். அது டைட்டாத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை பார்த்தேன்.