நடுநிலைப் பள்ளி ஆங்கில வகுப்பும் தமிழின் மூவிடப் பெயர்களும்

முன்னுரை

தமிழ்நாட்டில் 1968இல் ஏற்கப்பட்ட இருமொழிக் கொள்கையின்படி, பள்ளி மாணவர் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்கின்றனர். ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்த பாடவேளைகளில் கற்பிக்கப்பட்டும், இவ்விரு மொழிகளின் இலக்கணங்கள் ஒன்றையொன்று அறியாதனவாகவே உள்ளன. தமிழ்ப் பாடவேளையில் திணை, பால், எண், இடம், வேற்றுமை ஆகியவற்றைப் படிக்கும் மாணவர், அடுத்த பாடவேளையில் 'ஹீ', 'ஷீ', 'இட்', 'தே' என்னும் சொற்களை முன்பின் அறியாத பட்டியலாக மனப்பாடம் செய்கிறார். தாம் சற்று முன் கற்றதே இப்பட்டியலுக்கும் அடிப்படை என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைப்பதில்லை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தமிழ்வழி மாணவர் ஆங்கில மாற்றுப்பெயர்களைக் கையாளும்போது நேரும் பிழைகளுள் பல, அறியாமையால் விளைவன அல்ல. தமிழ் இலக்கணம் அவர்தம் மனத்தில் முறையாக இயங்குவதால் விளைவன. ஆகவே ஆங்கில மாற்றுப்பெயரைக் கற்பிக்கும் முறை தமிழின் மூவிடப் பெயர் மரபிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அதற்கான இலக்கண ஒப்பீட்டை உருவாக்கும் கடமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரையறையில் உள்ள குறை

பிரதிப்பெயர், பதிலிடுபெயர், மாற்றுப்பெயர் எனப் பலவாறு வழங்கப்படும் இச்சொல்வகைக்கு, 'பெயருக்குப் பதிலாக வரும் சொல்' என்னும் வரையறையே வகுப்பறையில் தரப்படுகிறது. இது படர்க்கைக்கு மட்டுமே ஒருவாறு பொருந்தும். 'நான்' என்பவர் தம் பெயருக்குப் பதிலாக அச்சொல்லைக் கூறுவதில்லை. பேசுவோர் தாமே என்பதை அச்சொல்லால் உணர்த்துகிறார். 'நீ' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்தில் மழை பெய்வதை உணர்த்தும் 'இட் இஸ் ரெயினிங்' என்னும் தொடரில் 'இட்' எந்தப் பெயருக்கும் பதிலாக வரவில்லை. எழுவாய் இடம் வெறுமையாக இருத்தலாகாது என்னும் விதியை நிறைவு செய்யவே அது வருகிறது.

தமிழ் மரபு இச்சொற்களைப் பதிலிச் சொற்களாகப் பிரித்து வைக்கவில்லை. தொல்காப்பியப் பெயரியல், அவன், அவள், அவர் முதலியவற்றை உயர்திணைப் பெயர்களுள்ளும், அது, இது, உது முதலியவற்றை அஃறிணைப் பெயர்களுள்ளும், நீ, தான், தாம் முதலியவற்றை இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களுள்ளும் வைத்துப் பேசுகிறது. பேசுவோர், கேட்போர், பேசப்படுவோர் அல்லது பேசப்படும் பொருள் என்னும் உறவே இடம் எனப்படுகிறது. 'ஐ', 'யூ' ஆகியவற்றின் இயல்பைப் பதிலி வரையறையைக் காட்டிலும் இவ்விடக் கருத்து தெளிவாக விளக்குகிறது.

பிழைகளின் தோற்றுவாய்

மாணவர் பிழைகளை அவை பிறக்கும் இடங்களை நோக்கிப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

முதலாவது, எழுவாய் விடுபடுதல். தமிழில் 'வந்தேன்', 'வந்தாய்', 'வந்தான்' என்னும் வினைமுற்றுகளின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுகிறது. இதனைத் தோன்றா எழுவாய் எனப் பள்ளி இலக்கணமும் கற்பிக்கிறது. ஆங்கிலத்தின் 'கேம்' என்னும் வினை, வந்தவர் யார் எனக் காட்டாது. ஆகவே அங்கு எழுவாயை வெளிப்படக் கூறியாக வேண்டும். 'எஸ்டர்டே வென்ட் டு டெம்பிள்' என எழுதும் மாணவர் 'நேற்றுக் கோயிலுக்குப் போனேன்' என்னும் பிழையற்ற தமிழ்த் தொடரின் அமைப்பைப் பின்பற்றுகிறார். 'எழுவாய் எங்கே?' என்று மட்டும் வினவினால் அவருக்கு விடை கிடைக்காது. தமிழ் வினை சுமக்கும் விகுதியை ஆங்கில வினை சுமப்பதில்லை எனக் காட்டினால், விதியோடு அதன் காரணமும் புலப்படும்.

இரண்டாவது, மதிப்பும் பாலும் மயங்குதல். 'மருத்துவர் வந்தார், அவர் மருந்து கொடுத்தார்' என்னும் தமிழ்த் தொடர்களில் மருத்துவர் ஆணா பெண்ணா என்பது வெளிப்படவில்லை, மதிப்புப் பன்மை பாலை மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டும்போது பொதுவாக 'ஹீ' அல்லது 'ஷீ' என்று பாலை வெளிப்படுத்த வேண்டியுள்ளது. தம் ஆசிரியரை 'ஹீ' என்றெழுதக் கூசும் மாணவர், 'அவன்' என்று எழுதுவதாகவே உணர்கிறார். அதனால் சிலர் 'தே' என எழுதுவர். சிலர் 'சார் கேம், சார் டோல்ட்' எனப் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுவர். ஆசிரியரை நேரில் விளிக்கும்போதும் 'யூ' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'வில் சார் கம் டுமாரோ?' என அவரிடமே படர்க்கையில் வினவுவர். விடைத்தாளில் இவை இலக்கணப் பிழைகளாகத் தோன்றினும், உண்மையில் மரியாதையின் வெளிப்பாடுகளே. ஆங்கிலத்தில் மதிப்பு மாற்றுப்பெயரில் இல்லை. 'குட் யூ', 'வுட் யூ' போன்ற தொடர்களிலும் விளிச்சொற்களிலும் உள்ளது. இதனை வெளிப்படக் கூறாமல் 'தே' என்பதைச் சிவப்பு மையால் அடிப்பது, குழந்தையின் பண்பையே பிழையாகக் காட்டுவதாகும்.

ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் உயர்சொல்லாக ஏற்றுக்கொண்டு, அது வழக்கால் வந்ததேயன்றி இலக்கண நெறியால் வந்ததன்று எனவும் வேறுபடுத்துகிறது. வழக்கையும் விதியையும் இவ்வாறு பகுத்துக் காணும் பார்வை இன்றைய ஆங்கில ஆசிரியருக்கும் தேவை. ஆங்கிலத்தின் வரலாறும் இதற்குத் துணைசெய்யும். இன்று ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக உள்ள 'யூ', முன்னர்ப் பன்மைக்கு உரியதாக இருந்தது. மதிப்பு நோக்கி ஒருவருக்கும் வழங்கப்பட்டு, ஒருமைக்குரிய 'தௌ' என்னும் சொல்லைப் பொது வழக்கிலிருந்து நீக்கியது. தமிழில் பன்மையாயிருந்த 'நீர்', 'அவர்' ஆகியன மதிப்பு ஒருமையாகி, பன்மைக்கு 'நீங்கள்', 'அவர்கள்' என 'கள்' விகுதி பெற்ற வடிவங்கள் நிலைபெற்றதும் இத்தகைய மாற்றமே.

மூன்றாவது, தன்மைப் பன்மை. 'நாம்' கேட்போரை உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலும் திராவிட மொழிகளின் இவ்வேறுபாட்டை ஆராய்கிறது. ஆங்கிலத்தின் 'வீ' இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் இங்குப் பிழை நேர வாய்ப்புக் குறைவு. உடைமை வடிவத்தில்தான் சிக்கல் எழுகிறது. தமிழ்ப் பேச்சில் உடன்பிறந்தார் இல்லாத குழந்தையும் 'எங்க அம்மா', 'எங்க வீடு' என்றே கூறும். அதே குழந்தை ஆங்கிலத்தில் 'மை மதர்' என்று எழுத வேண்டும். 'எங்கள்' என்னும் சொல் இங்கு எண்ணிக்கையை அன்றிக் குடும்ப உறவையே உணர்த்துகிறது என விளக்கினால் இம்மாற்றம் எளிதாகும்.

நான்காவது, எண். எழுத்துத் தமிழில் 'மாடுகள் மேய்கின்றன'. பேச்சுத் தமிழில் 'மாடுங்க மேயுது'. அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை கொள்ளும் இப்பேச்சு வழக்கே, பல மாடுகளைச் சுட்ட 'இட்' என்று எழுதத் தூண்டுகிறது. மாணவரின் தாய்மொழி அறிவு என்பது நூல் தமிழ் மட்டுமன்று. வீட்டில் பேசும் தமிழே அதன் முதல் அடித்தளம். 'அவர்கள்', 'அவை' என்னும் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'தே' ஒன்றே வரும் என்பதையும் இங்கே கூற வேண்டும். ஆங்கிலம் பன்மையில் திணை வேறுபாட்டைக் கைவிடுகிறது.

வேற்றுமையும் தொடரமைப்பும்

'ஐ', 'மீ', 'மை', 'மைன்' என்னும் வடிவ மாற்றம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. 'நான்' என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது 'என்' எனத் திரிந்து, என்னை, எனக்கு, என்னுடைய, என்னுடையது என வருவதை அவர் அன்றாடம் பேசுகிறார். வேறுபாடு யாதெனில், தமிழில் ஒவ்வொரு வேற்றுமைப் பொருளையும் உருபு தனித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பல பணிகளைச் செய்கிறது. 'ஹெர்' என்னும் ஒரு சொல் 'அவளை', 'அவளுடைய' ஆகிய இரண்டுக்கும் வருகிறது. 'ஹிஸ்' என்பது 'அவனுடைய', 'அவனுடையது' ஆகிய இரண்டுக்கும் வருகிறது. பட்டியலை ஒப்பிப்பதைவிட, இவ்விணைப்புகளை மாணவரே கண்டறியச் செய்வது பயன்தரும்.

'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' ஆகிய தொடர்களில் உணர்வோரும் அறிவோரும் நான்காம் வேற்றுமை ஏற்று வருகின்றனர். ஆங்கிலம் இவ்விடங்களில் 'ஐ' என்னும் எழுவாய் வடிவத்தையே கொள்ளும். நான்காம் வேற்றுமையைப் படித்த மாணவருக்கு இவ்வேறுபாட்டைக் காட்டச் சில நிமிடங்கள் போதும்.

'ஹூ', 'விச்' என்னும் இணைப்பு மாற்றுப்பெயர்களின் நிலை சிறப்பாகக் கருதத்தக்கது. தமிழில் 'வந்த சிறுவன்' எனப் பெயரெச்சம் செய்யும் பணியை ஆங்கிலத்தில் இச்சொற்கள் செய்கின்றன. இவ்வமைப்பு மாணவருக்குப் புதிது. ஆனால் எங்கு 'ஹூ', எங்கு 'விச்' என்னும் தெரிவு அவருக்குப் பழகியது. அது பெரும்பாலும் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடே. திணை என்னும் கருத்து தமிழ்த் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தற்சுட்டிலும் ஒப்பீடு துணைசெய்கிறது. 'இரவி தன் பையைத் தேடினான்', 'இரவி அவன் பையைத் தேடினான்' என்னும் தொடர்களைத் தமிழ் 'தன்', 'அவன்' என்னும் சொற்களால் வேறுபடுத்த வல்லது. ஆங்கிலத்தின் 'ஹிஸ்' இரு பொருளுக்கும் இடந்தரும். எனவே ஆங்கிலத்தில் எழுதும்போது பொருள் மயங்குமிடத்தில் பெயரையே மீண்டும் கூற வேண்டும் என மாணவருக்கு அறிவுறுத்தலாம்.

மாற்றுக் கருத்துகள்

இவ்வணுகுமுறைக்கு இரு தடைகள் கூறப்படலாம். முதலாவது, ஆங்கில வகுப்பில் தமிழைக் கொணர்ந்தால் மாணவர் மொழிபெயர்த்தே எழுதப் பழகுவர் என்பது. மாணவர் ஏற்கனவே மனத்துள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் உள்ளனர். மேற்கண்ட பிழைகளே அதற்குச் சான்று. மறைவாக நடக்கும் ஒப்பீட்டை வெளிப்படையாக்கித் திருத்துவதே ஈண்டு வேண்டப்படுகிறது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பன்மொழியத்தை வகுப்பறையின் வளமாகக் கருதியதும் நினைக்கத்தக்கது.

இரண்டாவது தடை வலுவானது. 1957இல் இராபர்ட் லாடோ முன்வைத்த ஒப்பீட்டு நோக்கு, தாய்மொழி வேறுபாட்டைக்கொண்டு கற்போரின் இடர்ப்பாடுகளை முன்கூட்டியே அறியலாம் என நம்பியது. 1967இல் பிட் கார்டரும், 1972இல் செலிங்கரும் எழுதிய கட்டுரைகள், கற்போர் தமக்கென ஓர் இடைநிலை மொழியமைப்பை உருவாக்குகின்றனர் என்பதை உணர்த்தின. எல்லாப் பிழைகளும் தாய்மொழியால் வருவன அல்ல என்பது தெளிவாயிற்று. 'மைசெல்ஃப்', 'யுவர்செல்ஃப்' ஆகியவற்றைக் கற்ற மாணவர் 'ஹிஸ்செல்ஃப்' என எழுதினால், அதற்குத் தமிழ் காரணமன்று; உடைமை வடிவத்தோடு 'செல்ஃப்' சேரும் என்னும் முறையை அவர் சரியாகவே நீட்டித்துள்ளார். 'ஹிம்செல்ஃப்' என அம்முறையை மீறியது ஆங்கிலமே. மேலும், தமிழ்நாட்டு வகுப்பறைகளில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவரும் உள்ளனர். எனவே ஒப்பீடு விளக்கத்திற்கான கருவியாக அமைய வேண்டுமேயன்றி, எல்லாப் பிழைக்கும் தமிழையே காரணம் காட்டும் சூத்திரமாகிவிடக் கூடாது.

இலக்கண விதிகளை முழு உறுதியோடு கூறுவதிலும் எச்சரிக்கை தேவை. 'தே எப்போதும் பன்மையே' என்பது வகுப்பறை விதி. ஆயின் இன்னாரென அறியப்படாத ஒருவரைச் சுட்ட 'தே' என்னும் சொல்லை ஆங்கிலம் பதினான்காம் நூற்றாண்டு முதலே பயன்படுத்திவருகிறது. தமிழ் மாணவருக்கு இதனை விளக்க 'ஒருவர்' என்னும் சொல்லே போதும். அது ஆண், பெண் இருபாலுக்கும் உரியது, பன்மை முடிபு கொள்வது எனப் பெயரியல் கூறுகிறது. மதிப்பு நோக்கி ஆசிரியரைத் 'தே' என்பது ஆங்கில வழக்கன்று. அறியப்படாத ஒருவரைத் 'தே' என்பது வழக்கு. இவ்விரண்டையும் பகுத்துக் கூறாத விதி, சரியாக எழுதிய மாணவரையும் தண்டித்துவிடும்.

செய்யத்தக்கன

மாற்றுப்பெயர்ப் பாடத்தைப் பட்டியலோடு தொடங்காமல், நான்கு வினாக்களோடு தொடங்கலாம்: பேசுவோரா, கேட்போரா, பேசப்படுவதா? ஒருமையா, பன்மையா? உயர்திணையாயின் ஆணா, பெண்ணா? தொடரில் அது எழுவாயா, செயப்படுபொருளா, உடைமையா? இவை தமிழ் இலக்கணத்தில் மாணவர் முன்பே விடையளித்துப் பழகிய வினாக்கள். விடைத்தாள் திருத்தத்தில், தமிழமைப்பால் வந்த பிழை, ஆங்கிலத்தின் ஒழுங்கின்மையால் வந்த பிழை, மரியாதை வழக்கால் வந்த பிழை என ஆசிரியர் பகுத்துக் குறிக்கலாம். 'நானும் தம்பியும்' எனத் தம்மை முதலில் கூறும் தமிழ் முறையும், 'மை பிரதர் அண்ட் ஐ' எனத் தம்மை இறுதியில் கூறும் ஆங்கில முறையும் நாகரிகம் சார்ந்தவை. அவ்வரிசை மாறுவதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

இப்பணியை ஆங்கில ஆசிரியரிடம் மட்டும் ஒப்படைத்தல் முறையன்று. திணை, பால், இடம் ஆகியவற்றின் நுட்பங்களை அறிந்தவர் தமிழாசிரியரே. ஒரே பள்ளியில் பணிபுரியும் இவ்விருவரும் ஒரு பாடத்தையேனும் இணைந்து திட்டமிட வேண்டும்.

நிறைவுரை

தமிழ் இலக்கண ஆய்வு நூலுக்கும் உரைக்கும் இடையே பெரிதும் வளர்ந்துள்ளது; பள்ளி மாணவரின் எழுத்தை நோக்கி அந்த அளவுக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்தின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளைத் தொகுத்து, பேச்சுத் தமிழோடும் நூல் தமிழோடும் ஒப்பிட்டு, ஆசிரியர் கையாளத்தக்க சிறு ஒப்பிலக்கண நூல்களை உருவாக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கும் இது தகுந்த களமாகும். 'எனக்கு ஆங்கிலம் வராது' எனப் பன்னிரண்டு அகவையிலேயே முடிவுசெய்துகொள்ளும் மாணவரிடம், அவர் எழுதிய தொடரின் பின்னே ஓர் ஒழுங்கான இலக்கணம் இருப்பதை எடுத்துக்காட்டும் அறிவு தமிழ்த்துறைகளிடமே உள்ளது. அவ்வறிவு ஆங்கில வகுப்பறையைச் சென்றடைவதற்கான முதற்படி, மாற்றுப்பெயர்ப் பாடத்திலிருந்தே தொடங்கப்படலாம்.