ஒட்டுப் பாடியும் ஒளிவு மறைவும்

2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரையில், கல்யாணத்துக்கு முன்பே மணமக்கள் படம் பிடித்துக்கொள்வது இன்று சகஜம். முதுகு திறந்த ரவிக்கைக்கு வார் இல்லாத பாடி வேண்டுமே! அதற்குத்தான் ஸிலிகான் ஒட்டுப் பாடி.

வாங்குவதில் பெண்கள் சூட்டிகை. கழுவுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். வேர்வையும் தோலெண்ணெயும் படிந்தால் பசையின் பிடிப்புப் போய்விடும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் விட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் போதும். நகம் படக்கூடாது, பிரஷ், ஸ்பிரிட் அறவே கூடாது. துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டும். ஒட்டும் பக்கம் மேலாக நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளை மூட வேண்டும்.

இங்கேதான் வீட்டு வழக்கம் குறுக்கே நிற்கிறது. உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவதே ஒழுக்கமாம்! மறைத்தால் பசையில் நூல் ஒட்டும். வெளியே வைத்தாலோ கோவளத்து மணல் ஒட்டும். அறைக்குள் ஜன்னலோரமே சரியான இடம். 'அது என்ன?' என்று யாரேனும் கேட்பார்களோ என்று பயந்து, ஈரத்தோடு பெட்டியில் திணிக்கும் பெண்ணை என்ன சொல்வது? புடவை மடிக்கக் கற்றுத்தரும் தாய், இதையும் சொல்லித்தந்தால் என்ன குறைந்துவிடும்?

தோல் அரித்தால் முகூர்த்தம் முடியட்டும் என்று பொறுக்க வேண்டாம். உடனே கழற்றிவிட வேண்டும். சிவப்பு தணியாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.