மலையின் வயிற்றுக்குள்



நவராத்திரி நெருங்கிவிட்டது. கொசப்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் திறக்கிறார்கள். பந்தர் தெருவில் செட்டியாரும் செட்டியாரம்மாவும் நடைபாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. கொலுப் படிகளைப் பற்றி உள்பக்கங்களில் நிறைய எழுதியிருக்கிறோம். நான் பேசவந்தது, படிகளுக்குக் கீழே தரையில் பிள்ளைகள் போடும் பார்க்கைப் பற்றி.

படி பெரியவர்களுடையது. எந்தப் பொம்மைக்கு எந்தப் படி என்பதில் பாட்டி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பார்க்கில் மட்டும் பிள்ளைகள் வைத்ததே சட்டம். வீடு கட்டத் தெருவில் கொட்டியிருக்கும் மணலில் ஒரு வாளி, முன்கூட்டியே தூவி முளைக்கவைத்த கேழ்வரகும் கடுகும், குளத்துக்கு அப்பாவின் சவரக் கண்ணாடி. அந்தக் குளத்தில் யானையைவிடப் பெரிய வாத்து நீந்தும். யாரும் கேட்க முடியாது. டிசம்பர் வந்தால் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் இதே கைவேலைக்குக் குடில் என்று பெயர். இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர் புனித பிரான்சிஸ் தொடங்கிவைத்தது. நம் பக்கம் வந்ததும் காக்கித்தாள் மலையும் நெல் நாற்றும் அதில் சேர்ந்துகொண்டன.

இப்போது பார்க்குக்குள் பிளாஸ்டிக் பிளாக்ஸ் நுழைந்திருக்கிறது. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் வீட்டில் அதற்கு 'லெகோ' என்றுதான் பெயர். மண்பொம்மைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் பிள்ளைகளுக்காக வாதாடியும் இருக்கிறேன். நம் எம்.கே.பி. நகர் தட்டையான ஊர். சென்ட்ரல் அவென்யூவில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மலை என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பது கொடுங்கையூர் குப்பைமேடு ஒன்றுதான். இங்கே வளரும் பிள்ளை, தனக்கென்று ஒரு மலையும் அருவியும் அதன்மேல் ஒரு கோட்டையும் கட்டிக்கொள்ள ஆசைப்படாமல் எப்படி இருக்கும்?

எங்கள் தெருப் பையன் ஒருவன் கட்டியதைக் குனிந்து பார்த்தேன். மலை உச்சியில் நீளமான புகைபோக்கி, அதன் வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு. உள்ளே டிராகன் குடியிருக்கிறதாம். மணலி பக்கம் போகும்போது சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் சுடரைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மலை சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. பாறை சாம்பல் நிறம்தானே என்று கேட்கலாம். நம் கடைகளில் கிடைக்கும் மலிவு வாளியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, அவ்வளவுதான். அதனால் குறை ஒன்றுமில்லை. லெகோ கம்பெனியே 1978இல் கொண்டுவந்த கோட்டை, அடி முதல் நுனி வரை மஞ்சள்.

பிளாக்கை நேராக அடுக்கினால் சுவர் வரும், மலை வராது. அதற்குச் சரிவான துண்டுகளைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் செருக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளாமல், கோணல்மாணலாக ஏற வேண்டும். ஒழுங்காகத் தள்ளினால் கோயில் விமானம் ஆகிவிடும். தண்ணீருக்கு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நீல வில்லைகளை இறைத்துவிடுவார்கள். கை தேர்ந்தவர்களின் மலையைத் திருப்பிப் பார்த்தால்தான் வேடிக்கை. முன்பக்கம் அச்சு அசல் பாறை. உள்ளே வேறெதற்கும் ஆகாத பிளாக்ஸ், ஊதாவும் ரோஸுமாகக் கண்டபடி முட்டுக் கொடுத்திருக்கும். ரெடிமேட் படிகள் வருவதற்குமுன் நம் கொலுவும் அப்படித்தானே நின்றது! டிரங்குப் பெட்டி, அரிசி டின், பழைய பாடப்புத்தகக் கட்டு, எல்லாவற்றையும் மூடி ஒரு எட்டு முழ வேட்டி.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த லெகோ கம்பெனி 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பிளாக்தான் இன்றும். அன்றைய துண்டு இன்றைய துண்டோடு பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிற பிளாக்ஸ் ஆறு இருந்தால் எத்தனை விதமாக இணைக்கலாம்? கம்பெனி வெகுகாலம் சொல்லிவந்தது 10,29,81,500. கோபன்ஹேகன் கணிதப் பேராசிரியர் சோரன் எய்லர்ஸ் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, அது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரும் கோபுரங்களின் கணக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. அகலவாட்டில் பரவுவதையும் சேர்த்தால் 91,51,03,765. ஆறே ஆறு துண்டுக்கு! ஆகவே பெரிய டப்பா வாங்கித் தரமுடியவில்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டாம். வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். வாயில் வைக்கும் வயதில் தம்பி தங்கை இருந்தால் பார்க்கைச் சுற்றி வேலி அவசியம்.

அடுத்த இதழில் பிள்ளைகளின் பார்க்குகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பரிசு கிடையாது, போட்டியும் இல்லை. குடில்காரர்கள் கோபிக்க வேண்டாம், டிசம்பர் இதழில் உங்களுக்கும் இடம் உண்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். மலைக்குள் எதையெல்லாம் திணித்தீர்கள் என்று பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே எழுதட்டும். எழுத்துப்பிழையை நாங்கள் திருத்தப்போவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்