பொள்ளாச்சித் துணி, மூணாற்றுக் குளிர்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வீட்டுக்குத் தைத்துப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கசவுக் கரை வேண்டுமென்றால் மேற்கே போகலாம். கட்டமும் கோடும் போட்ட பருத்தி வேண்டுமென்றால் கிழக்கே போகலாம். மேற்கே, திருவில்வாமலைக்குப் பக்கத்தில், காயத்ரிப்புழை பாரதப்புழையோடு சேரும் இடத்தில் குத்தாம்புள்ளி. கிழக்கே பொள்ளாச்சியைத் தாண்டினால் நெகமம். இரண்டும் தறி ஊர்கள். இரண்டிலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தேவாங்கர். இரண்டின் நெசவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வீடுகளில் இரண்டு ஊர்த் துணியும் ஒரே மெஷினில் ஓடுகிறது.

தைப்பது என்ன? நைட்டி, சுடிதார் டாப், நீளப் பாவாடை, பிள்ளைகளுக்கு ஃபிராக், ஓணம் வந்தால் கசவு வைத்த பாவாடை சட்டை. பிழைப்புக்குத் தைப்பவர்கள் வேறு; இவர்கள் தங்களுக்கும் தங்கள் வீட்டுக்கும் மட்டும் தைப்பவர்கள். பக்கத்து வீட்டு அக்கா ரவிக்கை கொண்டு வந்து நீட்டினால்கூட, “அதெல்லாம் எனக்கு வராதுக்கா” என்று நழுவுகிறவர்கள். தைக்கத் தெரியாமல் இல்லை. கூலி வாங்கிவிட்டால் பொழுதுபோக்கு வேலையாகிவிடும் என்ற பயம்தான்.

மிச்சம் பிடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துணி, நூல், ஜிப், எலாஸ்டிக், பாதி நாள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். தெருமுனையில் தள்ளுவண்டியில் தொங்கும் ரெடிமேட் நைட்டி அதைவிட மலிவு. ஆனால் அந்த நைட்டியைத் தைத்தவர்களுக்குப் போடுகிறவரின் தோள் தெரியாது, உயரம் தெரியாது, ஊரின் வெயிலும் தெரியாது.

வெயில் இங்கே சாதாரண விஷயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. அங்கே வேண்டியது மெல்லிய மல் பருத்தி, தளர்ந்த கை, கழுத்தை விட்டு விலகிய வெட்டு. அதே கேரளத்தில், மூணாற்றில், ஜனவரி இரவுகளில் பாதரசம் பூஜ்யத்தை எட்டிப் பார்க்கிறது. அங்கே முழுக்கை, உள்ளே லைனிங், கனத்த துணி. கடையில் இரண்டு ஊருக்கும் ஒரே ‘எல்’ சைஸ்தான் வருகிறது. வீட்டுத் தையல் நிலைத்திருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் இது ஒன்றுதான்: உடம்புக்கும் ஊருக்கும் சேர்த்து அளவெடுப்பது வீட்டில் மட்டுமே நடக்கிறது.

இடுக்கிப் பக்கத்தில் துணி வரும் வழிகள் வேறு. மூணாறு, பூப்பாறைக்காரர்கள் போடிமெட்டு இறங்கிப் போடிக்கும் தேனிக்கும் போகிறார்கள். குமுளிக்காரர்களுக்குக் கம்பம். மறையூருக்குச் சின்னாறு காட்டைக் கடந்தால் உடுமலை. தேனிக்குப் பக்கத்தில் ஆண்டிப்பட்டி சக்கம்பட்டியில் பருத்திச் சேலை நெய்கிறார்கள். உடுமலை வழியாக வருவது திருப்பூர் பனியன் துணி; கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்கிய பனியன் துணியைச் சாதாரண மெஷினில் நேர்த் தையல் போட்டுவிட்டு, முதல் தடவை தலை நுழைக்கும்போதே ‘பட் பட்’டென்று நூல் தெறிப்பதைக் கேட்டவர்கள் பலர். துணி இழுபடும், நூல் இழுபடாது. முனை மழுங்கிய ஊசியும் ஜிக்ஜாக் தையலும் இல்லாமல் பனியன் துணியைத் தொடக் கூடாது.

மூணாற்றிலேயே துணிக்கு நிறம் ஏற்றும் இடம் ஒன்று இருக்கிறது. டாடா டீயின் ஆதரவில் வளர்ந்த சிருஷ்டி அறக்கட்டளையின் கீழ், ரத்னா கிருஷ்ணகுமார் முன்னின்று 1990களில் தொடங்கிய ‘ஆரண்யா நேச்சுரல்’. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் அங்கே வேலை செய்கிறார்கள். யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல், காட்டுக் களை என்று மலையில் கிடைப்பதையெல்லாம் கொதிக்கவைத்துச் சாயம் இறக்குகிறார்கள். துணியை மடித்து, சுருக்கி, நூலால் இறுகக் கட்டி முக்கியெடுக்கும் ஜப்பானிய ஷிபோரி முறையும் உண்டு. கட்டுப் போட்ட இடம் வெள்ளையாக நிற்கும். சின்னாளப்பட்டிச் சுங்குடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுங்குடியும் கட்டி முக்குவதுதான். இப்படிப்பட்ட துணி கைக்கு வந்தால் வெட்டு எளிமையாக இருக்க வேண்டும். டக்கும் டாட்டும் போட்டு அந்த வடிவங்களைச் சிதைப்பது துணிக்குச் செய்கிற அநியாயம்.

எளிய வெட்டு என்றால் குடைப் பாவாடை. பத்து வயதுப் பெண்ணுக்கு, இடுப்பு 22 அங்குலம், நீளம் 18 என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் மூன்றரை வரும். அதுதான் உள்வட்டத்தின் ஆரம். 44 அங்குல அகலத் துணியில் 44 அங்குல நீளம் எடுத்து நாலாக மடித்தால் 22 அங்குலச் சதுரம் கிடைக்கும். மடிப்பு மூலையில் டேப்பின் முனையை வைத்து, மூன்றரையில் ஒரு வளைவு, 22இல் ஒரு வளைவு, சாக்கால் புள்ளி புள்ளியாக வைத்து வரைய வேண்டும். மூன்றரையும் பதினெட்டும் இருபத்தொன்றரை. மிச்சம் அரை அங்குலம் அடிமடிப்புக்கு. உள்வட்டத்தைக் கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே வெட்டினால் பட்டி பிடிக்க இடம் இருக்கும். ஒரு பக்கம் கிழித்து ஜிப் வைத்தால் ஆயிற்று.

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. வட்டமாக வெட்டிய துணியில் சில பகுதி நேர் இழையில் தொங்கும், சில பகுதி குறுக்கு இழையில் தொங்கும். குறுக்கு இழை தன் கனத்திலேயே இறங்கும். ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் கீழ்விளிம்பைச் சமமாக வெட்டிவிட்டுத்தான் அடி மடிக்க வேண்டும். பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைப்பது கட்டாயம்.

கரைத் துணியில் மட்டும் குடை வெட்டு ஆகாது. வட்டமாக வெட்டினால் கசவுக் கரையோ நெகமம் கரையோ நாலு மூலையில் துண்டு துண்டாகப் போய்விடும். பட்டுப்பாவாடையை நம் வீடுகளில் எப்போதும் கொசுவமோ சுருக்கமோ வைத்துத் தைத்ததற்குக் காரணம் இதுதான். கரை சிதையாமல் காலைச் சுற்றி ஓட வேண்டும். இடுப்பளவைப்போல் இரண்டரை மடங்கு துணி, மேலே சுருக்கு, கீழே கரை. வளரும் பிள்ளை என்றால் உள்பக்கம் இரண்டு டக் பிடித்து வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார்கள். ஒரு பாவாடை மூன்று ஓணம் பார்க்கும். பெரியவர்களுக்குக் குடைப் பாவாடை தைக்க நாலே கால் மீட்டர் வேண்டும் என்பதால், கட்டிச் சலித்த ஐந்தரை மீட்டர் பிரிண்ட் சேலைகள் பீரோவிலிருந்து வெளியே வருகின்றன. மிஞ்சும் துணியில் கையில்லாத டாப் ஒன்றும் தேறும்.

தையல் மெஷின் வீட்டுக்குள் இருக்கலாமா என்ற கேள்விகூட ஒரு காலத்தில் இருந்தது. 1924இல், திருவிதாங்கூரைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். விதிவிலக்காகக் காந்தி காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் உண்டாக்கியது அது என்பது அவர் சொன்ன காரணம். கதை அழகானது, சரித்திரம் அப்படி இல்லை. எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நாடக நடிகராக அலைந்த ஐசக் சிங்கர் 1851இல் தன் மெஷினுக்கு வாங்கினார். அது வீடுகளுக்குள் நுழைந்தது அவருடைய நிறுவனம் 1850களில் கொண்டுவந்த தவணைமுறையால். கேள்வி கேட்ட ராமச்சந்திரன், பின்னாளில் மனைவி டி.எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்.

2020 ஊரடங்கில் வாளையாறு, போடிமெட்டு, குமுளி சோதனைச்சாவடிகளில் போக்குவரத்து முடங்கியபோது, பொள்ளாச்சியும் போடியும் திடீரென்று தொலைதூரமாகிவிட்டன. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் யூனிட்டுகள் முகக்கவசம் தைத்தன. வீடுகளில், மேலே துணிமணி அடுக்கி வைக்கும் மேஜையாக மாறியிருந்த மெஷின்கள் திறக்கப்பட்டன. படுக்கை விரிப்பும் பழைய வேட்டியும் முகக்கவசமாயின. அப்போது மிதிக்கக் கற்றுக்கொண்டவர்களில் சிலர் பிறகு மிதிப்பதை நிறுத்தவே இல்லை. தமிழ், மலையாளம் இரண்டும் புரிவதால் இரண்டு மொழி யூடியூப் வகுப்புகளும் இவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

இன்னும் திறக்காத மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் பாபின் கேஸைக் கழற்றித் தூசி தட்டுங்கள். எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் ஓட்டி எண்ணெயை வெளியேற்றுங்கள். பழைய ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், கனத்த துணிக்கு 16ஆம் நம்பர் வாங்குங்கள். டாப்பின் பக்கத் தையலில் செல்போன் போகும் அளவுக்கு ஒரு பாக்கெட் வைக்க மறக்க வேண்டாம். கடைக்காரர்கள் அதை வைத்துத் தர மாட்டார்கள். குத்தாம்புள்ளித் துணியும் நெகமம் துணியும் பீரோவில் காத்திருக்கட்டும். முதல் பாவாடைக்கு ஒன்றே கால் மீட்டர் பாப்ளின் போதும்.