புள்ளலூர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?



காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளரும் ஒரு பிள்ளையிடம் பல்லவர்களைப் பற்றிக் கேளுங்கள், ஏதாவது சொல்லும். புள்ளலூரைப் பற்றிக் கேளுங்கள், விழிக்கும். அந்தப் பிள்ளை அப்துல்லாவாக இருந்தாலும் ஆறுமுகமாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்குச் சில மைல் தொலைவிலுள்ள அந்தக் கிராமத்தில்தான் ஹைதர் அலியும் அவருடைய மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை நிர்மூலமாக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காயம்பட்ட பெய்லி சிறைப்பட்டார். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவேயில்லை. செய்தி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். 1764-ல் பக்சாரில் வென்ற அதே மன்றோ!

மறு ஆண்டு, 1781-ல், அங்கே இன்னொரு போரும் நடந்தது. அதில் மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. வெள்ளையன் தன் ஆட்களுக்குக் கல் நட்டுவிட்டான். நாம் நம் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகமாவது எழுதிக் கொடுத்தோமா?

2025-ல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் நூலின் முதல் பகுதியில் ஹைதர் அலியும் இல்லை, திப்புவும் இல்லை, மைசூர்ப் போர்களும் இல்லை. வெள்ளையர் ஆட்சியைப் பற்றி அத்தியாயம் எழுதிவிட்டு, அவர்களைக் குலைநடுங்க வைத்தவர்களை விட்டுவிட்டார்கள். இது இருட்டடிப்பு இல்லாமல் வேறென்ன? தமிழக அரசின் பாடநூல்களில் மைசூர்ப் போர்கள் இருப்பது ஆறுதல். ஆனால் நம் பிள்ளைகள் பலர் இன்று சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

கண்டனக் கூட்டம் போடுவோம், தீர்மானம் நிறைவேற்றுவோம். வேண்டியதுதான். ஆனால் தீர்மானத்தை எந்தப் பிள்ளை படிக்கும்?

பி.என். பாண்டே செய்ததைப் பாருங்கள். பிற்காலத்தில் ஒரிசா ஆளுநராக இருந்தவர் அவர். 1920-களின் கடைசியில் அலகாபாத்தில், ஒரு பள்ளிப் பாடநூல் அவர் கண்ணில் பட்டது. திப்பு மதம் மாறச் சொன்னதால் 3,000 பிராமணர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அதில் இருந்தது. பாண்டே கூச்சல் போடவில்லை. நூலாசிரியருக்குக் கடிதம் எழுதி, ஆதாரம் எது என்று கேட்டார். விடாமல் கேட்டபின், மைசூர் கெஜட்டியர் என்று பதில் வந்தது. மைசூருக்கு எழுதி விசாரித்தார். கெஜட்டியரில் அப்படி ஒரு செய்தியே இல்லை! கடைசியில் அந்த நூல் பாடத்திலிருந்து நீக்கப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதா? ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்ப்பதுதானே இஸ்னாத்? இந்தப் பழக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் வரலாற்று நூல்தான் நமக்கு வேண்டும்.

நம்மவர்கள் அச்சடித்து வினியோகிக்கும் சில 'பொற்கால' வெளியீடுகளையும் பார்க்கிறேன். நம் மன்னர் எல்லாரும் அவுலியாக்கள், எதிரிகள் எல்லாரும் ஷைத்தான்கள்! மற்றவர்கள் செய்யும் அதே வேலையை நாம் பச்சை அட்டை போட்டுச் செய்வதா? 1791-ல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, அதைச் சீரமைக்கத் திப்பு பொருளுதவி செய்தார். மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1916-ல் வெளிவந்தன. குடகிலும் மலபாரிலும் அவர் செய்த கட்டாய மதமாற்றங்களும் அவருடைய கடிதங்களிலேயே இருக்கின்றன. முதல் கடிதங்களைக் காட்டிவிட்டு அடுத்தவற்றை மறைத்தால், நாளை கல்லூரியில் ஒருவன் இரண்டாவதை எடுத்து நீட்டும்போது நம் பிள்ளை நம்மையே நம்பமாட்டான்.

எனவே ஜமாஅத்துகளே, செல்வந்தர்களே! வருகிற கோடை விடுமுறைக்குள் 32 பக்கத்தில் ஒரு புத்தகம் கொண்டுவருவோம். எளிய தமிழ், பெரிய எழுத்து, ஒரு வரைபடம். நெசவாளி வீட்டுப் பிள்ளை வாங்கக்கூடிய விலை. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். கைதிகளாக இருந்த ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்தலாம். படத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரே இருக்கிறது. பெய்லி பல்லக்கில் கிடக்க, போர் முழுவதையும் திப்பு அங்கே தீட்டவைத்திருக்கிறார். அந்தப் படத்தை அட்டையில் போடுவோம். அது வென்றவர் வரையச் சொன்ன படம் என்று அதன் கீழேயே ஒரு வரி அச்சிடுவோம்.